ஏழாம் நம்பரின் முகம்

தெஹியோவிட்டவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள கொமியுனிகேஷன் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட், பாஸ்போர்ட் சைஸ் படம், இதுதான் வேலை. படம் எடுக்க வருகிறவரை நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, நாடியைத் தூக்கச் சொல்லி, ஒரு கிளிக். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு சுற்று வெளுக்க வேண்டும். அது எங்கள் கடை வழக்கம் மட்டுமல்ல, நான் பார்த்த எல்லாக் கடையிலும் அப்படித்தான். வெளுக்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் கெமரா சரியில்லை என்று கடைக்குத்தான் கெட்ட பெயர்.

ஆறு வருஷத்தில் என் படத்தை ஏன் வெளுத்தாய் என்று ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை. ஏன் இன்னும் கொஞ்சம் வெளுக்கவில்லை என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. எல்லாம் ரப்பர் மலையில் பால் வெட்டிக் காய்ந்துபோன முகங்கள். அவர்களுக்கு ஒரு நல்ல படம் கொடுப்பது புண்ணியம் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் நல்ல கறுப்பு. என் படத்துக்கு நான் மூன்று சுற்று போடுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

கடை வேலை போக மிச்ச நேரத்தில் நான் படித்த பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்துப் பாடசாலை. இரண்டு கட்டடம், ஒரு கரப்பந்து மைதானம். மைதானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பந்து எல்லை தாண்டினால் ரப்பர் மரங்களுக்குள் உருண்டு ஓடும். எடுக்கப் போனவள் அட்டைக் கடியோடு திரும்பி வருவாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விளையாட்டு ஆசிரியர், எங்கள் சேர்தான் அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி கட்டினார். ஒருநாள் கடைக்கு வந்து, "பிள்ளை, டவுன் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மட்ச்சுக்கு முதல் போஸ்டர் செய்து பேஸ்புக்கில போடுகினம். எங்கட பிள்ளையளுக்கும் ஒண்டு செய்து தாருமன்" என்றார். சரி என்று போனிலேயே செய்து கொடுத்தேன். பின்னால் நெருப்பு, மேலே மின்னல், நடுவில் எட்டுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துப் பார்ப்பது போல. குவைத்திலிருந்தும் டுபாயிலிருந்தும் ஹார்ட் வந்து குவிந்தது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்து என்று லயத்து வீடுகளில் பேசிய அதே வாய்கள், தங்கள் பிள்ளையை ஏன் முன்னால் போடவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தன. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

நான் சொல்ல வந்தது ஏழாம் நம்பர் பிள்ளையைப் பற்றி. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வகுப்பிலேயே உயரம், தோட்டத்திலேயே கறுப்பு. அவள் எம்பி அடித்தால் பந்து போனது தெரியாது, எதிர்ப் பக்கத்தில் விழுந்த சத்தம்தான் கேட்கும். இடது புருவத்துக்கு மேலே அவளுக்கு ஒரு தழும்பு இருந்தது. வலய மட்டப் போட்டியில் வெளியே போன பந்தை எடுக்கப் பாய்ந்து, வலை கட்டிய இரும்புக் கம்பத்தில் மோதிப் பிளந்தது. சேர் வெளியே வரச் சொன்னார். அவள் கைக்குட்டையை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்று அடுத்த நாலு பாயிண்டையும் அடித்தாள். அன்றிலிருந்து அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள், மற்றப் பிள்ளைகள் காதில் போட்ட புதுத் தோட்டைத் தடவிப் பார்ப்பது போல.

வலயத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவானதும் புதுப் போஸ்டருக்காகப் படம் எடுக்கப் போனேன். பிள்ளைகள் வழக்கம் போலச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எங்கள நல்லா செவப்பாக்கிருங்க", "எனக்குப் பருவ எடுத்துருங்க" என்று ஆளுக்கொரு பட்டியல். கடைசியாக ஏழாம் நம்பர் வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒன்னும் செய்யாதீங்க. தழும்பு தெரியணும்."

"ஆமா, ஒனக்குத் தழும்பு ஒன்னுதான் கொறச்சல். போய் நேரா நில்லு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடைக்கு வந்து எட்டுப் பேரையும் வெளுத்தேன். அவளுக்கு நாலு சுற்று வேண்டியிருந்தது. தழும்பையும் எடுத்தேன், கன்னத்தையும் கொஞ்சம் ஒடுக்கினேன். அவள் சொன்னதை மறந்து செய்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், படம் வந்த பிறகு அவளே சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

போஸ்டரைக் காட்டியபோது போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "இவ நல்லா இருக்கா அக்கா" என்று சொல்லி, போனைத் திருப்பித் தந்துவிட்டுப் பந்தை எடுக்கப் போனாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய அம்மா அப்படியில்லை. பால் வெட்டு முடிந்து, வாளி நாற்றம் போகாத கையோடு கடைக்கே வந்து, "தங்கச்சி, எம்புள்ளயா இது? இவ்வளவு செவப்பா?" என்று கேட்டு, அந்தப் படத்தைத் தன் போனில் வட்ஸ்அப் முகப்பில் வைத்துத் தரச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். அம்மாவே சொல்லிவிட்டார், பிறகு என்ன?

தப்பு அங்கேதான் தொடங்கியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மாகாணப் போட்டிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பக்கத்தில் படம், படத்தின் மேல் அதிபரின் கையெழுத்தும் சீலும். "உம்மட்ட எல்லாற்ற படமும் இருக்குத்தானே பிள்ளை, நீரே ஒட்டி விடும்" என்றார் சேர். நான் போஸ்டருக்குச் செய்த படங்களிலிருந்து தலையை மட்டும் வெட்டி, நீலப் பின்னணி வைத்து, பாஸ்போர்ட் சைஸில் அடித்து ஒட்டினேன். அதிபர் சீல் குத்தினார். அன்றைக்கு நாங்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. சீல் நேராக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

போட்டி பெல்மதுளையில் ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்தது. விடியும் முன்னே பஸ் ஏறி, அவிசாவளை, இரத்தினபுரி என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். படம் எடுத்து உடனுக்குடன் பக்கத்தில் போடுவதற்காக நானும் போனேன். பத்தரைக்கு எங்கள் முதல் மேட்ச். எதிரே ஒரு பெரிய டவுன் பாடசாலை, ஒரே மாதிரிப் பையும் ஒரே மாதிரிச் சப்பாத்துமாக வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துப் பயந்துபோய் நின்றபோது, ஏழாம் நம்பர் பந்தை வாங்கி நாலு அடி அடித்துக் காட்டினாள். அவர்களுடைய டீச்சர் எழுந்து நின்று பார்த்தார். பிறகு நேராகப் பதிவு மேசைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் போட்டிக்குப் பொறுப்பான சிங்கள மிஸ், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். எங்கள் படிவம் அவர் முன்னால் விரித்துக் கிடந்தது. அவர் ஏழாம் நம்பரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

எதிர் அணி டீச்சர் சொன்னது இதுதான்: இது பதினாறு வயதுக்குட்பட்ட போட்டி. இந்தப் பிள்ளையைப் பார்த்தால் பதினெட்டு மாதிரி இருக்கிறது. படிவத்தில் இருப்பவள் வேறு யாரோ, அவள் பெயரில் வயது கூடிய ஒருத்தியை இறக்குகிறார்கள். அவர் கத்தவில்லை, ஏசவில்லை. படத்தைப் பார்த்தால் அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மற்ற ஏழு பேரும் படத்தைவிடக் கறுப்பாக இருந்தாலும் ஆள் தெரிந்தது. இவளுக்கு நிறத்தோடு தழும்பும் போய், கன்னமும் போய், அந்தப் பெயரில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அதெல்லாம் அப்போது என் புத்தியில் ஏறினால்தானே. "உங்களுக்குக் கண் தெரியாதா? இவளேதான் அவள்" என்று சிங்களத்தில் எகிறினேன். "குரலைத் தாழ்த்து நங்கி" என்று தங்கையை அடக்குவது போலச் சொன்னார் தொப்பி போட்ட மிஸ். பிறகு படிவத்தை ஏழாம் நம்பர் பக்கம் திருப்பி வைத்து, "மகள், இதில் இருப்பது நீதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சேர் தொண்டையைச் செருமினார்.

"பெயர் என்னுடையதுதான் மிஸ்" என்றாள் சிங்களத்தில்.

மிஸ் பேனாவை மூடி வைத்தார். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். விண்ணப்பித்திருக்கிறது, இன்னும் வரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இருந்தது, ஆனால் அதில் முகம் இல்லையே. அதிபருக்குக் கோல் எடுக்கலாமா என்று சேர் கேட்டதற்கு, "அதிபரின் சீல் இந்தப் படத்தின் மேல்தானே இருக்கிறது" என்றார் அவர்.

பிறகு அவர் இரண்டு வழி சொன்னார். இந்தப் பிள்ளையை விலக்கிவிட்டு மற்ற ஏழு பேரோடு விளையாடலாம், முறைப்பாட்டை அவர் மேலே அனுப்ப மாட்டார். இல்லை, இவள்தான் அவள் என்று நிற்பதானால் பத்தரைக்குள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அணி முழுவதும் வெளியே, ஆள்மாறாட்டம் என்று வலயத்துக்குக் கடிதம் போகும். சுவர் மணிக்கூட்டில் பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

சேர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? இது போஸ்டர் இல்லை, படிவம். நான் இப்ப என்னெண்டு முழிக்கிறது?" என்றார். நீங்கள்தானே ஒட்டச் சொன்னீர்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

அதற்குள் ஏழாம் நம்பர் எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். "சேர், நான் வெளிய நிக்கிறேன். அவங்க ஆடட்டும். என்னால அவங்களும் போயிரக் கூடாது."

அடுத்த மாதம் அவளுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு மேல் வயதுப் பிரிவுக்கு எங்கள் பாடசாலையில் அணியே கிடையாது. இன்றைக்கு இல்லாவிட்டால் அவளுக்கு இனி மாகாணப் போட்டி என்று ஒன்று இல்லை. இது சேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் சாமான் கேட்டு இல்லையென்றதும் திரும்புகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. "சேர், விலக்கிறாதீங்க. பழைய படம் ஒன்னு எடுத்துக் காட்டுறேன், பத்து நிமிசம் தாங்க" என்றேன்.

போனில் தேடினேன். வெளுத்த படத்தைச் சேமித்த கையோடு பழையதை அழித்துவிடுவது என் பழக்கம், போனில் எப்போதும் இடம் இருக்காது. கடைக்குக் கோல் எடுத்து முதலாளி மாத்தயாவைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். பழைய கோப்பின் மேலேயே வெளுத்ததைச் சேமித்திருந்தேன், அதுவும் என் கைங்கரியம்தான். பிள்ளையின் அம்மா போனில் இருப்பது எல்லாம் நான் அனுப்பியது. மற்றப் பிள்ளைகளிடம் இருப்பதும் நான் அனுப்பியது. சரி, பேஸ்புக் பக்கத்தில் ஏதாவது பழைய படம் தப்பியிருக்கும் என்று அதைத் திறந்து கீழே கீழே இழுத்தேன்.

இரண்டு வருஷப் போஸ்டர்கள். வலய வெற்றி, பயிற்சி, ஆசிரியர் தினம், இல்ல விளையாட்டுப் போட்டி, கப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வீரமங்கை என்று தனியாகப் போட்டது. எல்லாவற்றிலும் ஏழாம் நம்பர் இருந்தாள். ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாவற்றிலும் அந்த வெள்ளைக்காரிதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக ஒரு பிள்ளையைப் படம் எடுத்து, அவள் இவள்தான் என்று சொல்ல ஒரு படம் என்னிடம் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மணி பத்து பத்து. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேசைக்குப் போய், "மிஸ், இந்தப் படத்தை எப்படிச் செய்தேன் என்று உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன்" என்றேன். அவர் எதிர் அணி டீச்சரைப் பார்த்தார். அவரும் தலையசைத்தார்.

ஏழாம் நம்பரை வகுப்பறைச் சுவரோடு நிற்க வைத்தேன். பழக்க தோஷத்தில் "நாடியத் தூக்கு" என்றேன். தூக்கினாள். போன் படத்தை எடுக்கவில்லை, இடமில்லை என்று வந்தது. எதையாவது அழிக்க வேண்டும். நெருப்பு, மின்னல், கழுகு என்று சேர்த்து வைத்திருந்த பின்னணிகளையெல்லாம் மொத்தமாக அழித்தேன். பிறகு எடுத்தேன். காலை வெயிலில் வியர்த்துப்போய், தழும்பு பளிச்சென்று தெரிய, அவளாகவே அவள்.

போனை மேசையில் வைத்தேன். மிஸ் குனிந்தார், டீச்சர் குனிந்தார், இரண்டு அணிப் பிள்ளைகளும் சுற்றிக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

முதலில் நிறம். திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை விரலால் கடைசி வரை தள்ளினேன். நெற்றியிலிருந்து கழுத்து வரை வெளுத்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. நாலாம் தடவை தள்ளும்போது என் விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. பிறகு தழும்பு. அதன் மேல் விரலை வைத்து இரண்டு தட்டு. போய்விட்டது. எதிர் அணிப் பிள்ளை ஒருத்தி "ஐயோ" என்றாள். பிறகு கன்னம், இரண்டு பக்கமும் உள்ளே. தலையை வெட்டி நீலம் வைத்துப் படிவத்துக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். சீலுக்குக் கீழே இருந்தவள் அப்படியே போனில் இருந்தாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஆறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஒரு தடவைகூட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ததில்லை. எங்கள் கடையில் கம்ப்யூட்டர் நீலத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தன்னை ஒருத்தி துடைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததும் இல்லை. அன்றைக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏன் இப்படிச் செய்தாய் நங்கி?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் செய்கிறதுதான் மிஸ்."

"இவள் கேட்டாளா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "வேண்டாம் என்றுதான் சொன்னேன் மிஸ்."

எதிர் அணி டீச்சர் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்துப் படிவத்தில் இருந்த படத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார். "இப்போது எடுத்த முதல் படத்தைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வா. நான் கையெழுத்து வைக்கிறேன். பத்து நிமிஷம்" என்றார். சேரின் போனுக்கு ஒரு பிரதி அனுப்பி வைக்கவும் தோன்றவில்லை, என் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினேன். சந்தியில் ஒரு கொமியுனிகேஷன் கடை. கவுண்டரில் இருந்தவள் என் வயதுப் பெண். படத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்தாள், திறந்தாள், என்னைக் கேட்காமலே அம்புக்குறியைக் கொண்டுபோய் வெளுக்கிற அந்தக் கோட்டின் மேல் வைத்தாள்.

"தொடாதே" என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய், "கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதே அக்கே" என்றாள். "இருக்கட்டும். அப்படியே அடி" என்றேன். அவளை ஏசி என்ன? அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மிஸ் புதுப் படத்தில் கையெழுத்து வைத்தார். ஏழாம் நம்பர் மைதானத்துக்குள் இறங்கினாள். அன்றைக்கு அவள் விளையாடியதை என்ன சொல்ல. பந்தோடு ஏதோ தீர்க்க வேண்டிய கணக்கு இருப்பது போல அடித்தாள். முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு, மூன்றாவதைப் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று பிடுங்கி எடுத்தோம். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பிற்பகல் அடுத்த மேட்ச்சில் தோற்றோம். அதுவும் கடைசி வரை இழுபறிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரத்தினபுரி தாண்டும் வரை அவள் என் பக்கம் வரவில்லை. பிறகு பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, போனத் தாங்க" என்றாள். கொடுத்தேன். காலையிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அழித்தாள். வெளுத்ததை மட்டும் அழிக்கிறாள் என்று நினைத்தேன். சுவரோடு நிற்க வைத்து எடுத்த படமும் போனது. மைதானத்தில் எடுத்தது, தண்ணீர் குடிக்கும்போது எடுத்தது, தன் முகம் இருந்த எதையும் அவள் விடவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"நான் செஞ்சது தப்புதான்டி" என்றேன். "இனிமே ஒன்னும் செய்ய மாட்டேன். வெற்றிப் போஸ்டர் போடணும், ஒன்னாவது வை. அப்படியே போடுறேன்."

ஒன்றை வைத்திருந்தாள். எம்பி அடிக்கும்போது பின்னாலிருந்து எடுத்தது. இரண்டு கையும் மேலே, பின்னல் பறக்கிறது, முதுகில் பெரிதாக ஏழு.

"இதப் போடுங்க அக்கா."

"இதுல ஒன் மொகம் இல்லையே."

"நம்பர் தெரியுதில்ல" என்றாள். பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, "முதுகுல ஒன்னும் செய்ய மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். மாட்டேன் என்றேன்.

அவிசாவளையில் பஸ் மாறக் காத்திருந்தபோது போஸ்டரைச் செய்து போட்டேன். நெருப்பு இல்லை, மின்னல் இல்லை. ஏழு முகம், வெளுக்காமல். நடுவில் ஒரு முதுகு. "எங்கள ஏன் அக்கா இவ்வளவு கறுப்பா போட்டீங்க?" என்று மற்றப் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள்.

தெஹியோவிட்டவில் இறங்கும்போது போன் அடித்தது. ஏழாம் நம்பரின் அம்மா. அவர் பெயருக்குப் பக்கத்தில், நான் வைத்துக் கொடுத்த அந்த வெள்ளை முகம் வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்கு முன்னால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, படம் பாத்தேன். ஒரு மேட்ச் ஜெயிச்சீங்களாமே, ரொம்ப சந்தோசம். எல்லாப் புள்ளைங்க மொகமும் இருக்கு, எம்புள்ள மொகம் மட்டும் இல்லையே. ஒங்ககிட்ட எத்தனையோ படம் இருக்குமே, நல்லதா ஒன்னு பாத்து அனுப்புங்களேன்."

"இல்லைங்கக்கா" என்றேன். "ரெண்டு வருசமா எடுத்தேன். ஒன்னுகூட என்கிட்ட இல்ல."